பூக்கட்டை

...வைத்திருக்கிறேன் என்று அவ்வளவு வேகமாகச் சொல்லியிருக்கக் கூடாது, தேடிப் பார்க்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம், ஆனால் மகள் பொன்செல்வி காலை எட்டு மணிக்கு போன் போட்டு, "அப்பா, சின்னப்பிள்ளையில எனக்குக் கையில ஒண்ணு கட்டிவிடுவீங்களே, பூக்கட்டை, அத இன்னும் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டதும் எனக்குப் பெருமை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் செய்த ஒரு சின்னச் சாமானைப் பிள்ளை மறக்காமல் இருக்கிறாளே என்று... "வச்சிருக்கேன் தாயி, உளிப்பெட்டிக்குள்ளதான் கிடக்கு" என்றேன். எதற்கு என்று அப்புறம்தான் கேட்டேன். பேத்தி ப்ரியதர்ஷினிக்காம். நாலு வயது முடியப் போகிறது, இடக்கையிலேயே கிறுக்குகிறாள், இடக்கையாலேயே சோற்றில் கை வைக்கிறாள், பொன்செல்வியின் மாமியார் தினம் ஒரு பாட்டுப் பாடுகிறார். "நீங்க எனக்கு மாத்துன மாதிரி இவளுக்கும் மாத்திரலாம்னு பாக்கேன். அவுக ஒரு சோலியா இன்னைக்கு சங்கரன்கோவிலுக்குத்தான் வாராங்க, பதினோரு மணி வாக்குல வீட்டுக்கு வருவாங்க, குடுத்து விடுங்கப்பா." அவுக என்றால் மருமகன் மாரிராஜ், புளியங்குடியில் எலுமிச்சை மண்டியில் இருக்கிறார், தங்கமான மனுஷன், சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்து நிற்பார். சரி தாயி, குடுத்து விடுதேன் என்று சொல்லிவிட்டேன். எட்டு மணிக்கு எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. இப்போது மணி பத்தேகால், தப்பைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை, எல்லாம் இந்த நாலாவது பொம்மையால் வந்த வினை.

நாலாவது என்றால், ஜெபசிங் அண்ணாச்சி கொண்டுவந்து இறக்கிய நாலில் கடைசி. கரிவலம்வந்தநல்லூரில் ஒரு பழைய வீட்டைப் பிரித்தபோது தூண்களின் தலையில் இருந்த மரப்பொம்மைகள், ஒவ்வொன்றும் முழங்கை நீளம், தேக்கு, நாலும் பெண்கள், ஒருத்தி மத்தளம், ஒருத்தி வீணை, ஒருத்தி குழல், இவள் தாளம். நூறு வருஷத்துக்குக் குறையாது, நூற்றைம்பது என்றாலும் நான் ஆச்சரியப்படமாட்டேன். அந்த வீட்டுக்காரர்கள் பொங்கலுக்குப் பொங்கல் பெயிண்ட் அடித்து அடித்து, நீலம், அதன்மேல் மஞ்சள், அதன்மேல் ரோஸ், மூக்கு எது வாய் எது என்று தெரியாமல் பண்ணி வைத்திருந்தார்கள். ஜெபசிங் அண்ணாச்சி பழைய மரச்சாமான் வாங்கி விற்கிறவர், ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய்விட்டு நேராக என் பட்டறைக்கு வருவார், "பெயிண்ட எடுத்து, ஓட்டைய அடைச்சு, நாலும் ஒரே சீரா இருக்கணும் அண்ணாச்சி, முதுகப் பத்திக் கவலப்படாதீங்க, அது செவத்தப் பாத்துத்தான் இருக்கப்போவுது" என்றார். நான் மருதப்பன், நாற்பது வருஷமாக உளி பிடிக்கிறவன், இந்த ஊரில் எனக்கு யாரும் வேலை சொல்லித்தர வேண்டியதில்லை. பெயிண்டை எடுத்தேன். எடுத்ததும் முதல் பொம்மையிலேயே கண்ணில் மண் விழுந்த மாதிரி ஒரு உறுத்தல்... சேலை மடிப்பில், கொண்டைப் பூவில், காப்பில், எல்லா வெட்டும் தலைகீழாக ஓடியது.

தலைகீழ் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இப்படிச் சொல்லுவேன். வலக்கைக்காரன் உளியை அடிக்கிற கொட்டாப்புளியை வலக்கையில் பிடிப்பான், உளி இடக்கையில் இருக்கும், அடி வலப்பக்கத்திலிருந்து விழும், அதனால் வெட்டு வலப்பக்கம் ஆழமாகத் தொடங்கி இடப்பக்கம் எலிவால் மாதிரி மெலிந்து முடியும். வேலையைத் திருப்பி வைத்துக்கொண்டு வெட்டினால் மாறும்தான், ஆனாலும் நாலு வெட்டுக்கு மூன்று வெட்டு ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். இதில் எலிவால் எல்லாம் வலப்பக்கம் இருந்தது. நான் என்ன முடிவு கட்டினேன்? இது முதலில் செய்த ஆசாரியின் வெட்டு இல்லை, நடுவில் எவனோ ஒரு கத்துக்குட்டி ரிப்பேர் பார்க்கிறேன் என்று புகுந்து கைவரிசையைக் காட்டியிருக்கிறான், பாவி, எவ்வளவு நல்ல முகத்தை வைத்துக்கொண்டு சேலையை இப்படிக் கெடுத்துவிட்டானே என்று அவனைத் திட்டிக்கொண்டே மடிப்பு மடிப்பாகத் திருத்தினேன். ஒரு நூல் ஆழம் கூட்டி, வலமிருந்து இடமாக, எல்லா வெட்டையும் புதிதாக ஓட்டினேன். பதினெட்டு நாள், மூன்று பொம்மை. நேற்று முன்தினம் ஜெபசிங் அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டு, தடவித் தடவி, "இப்பத்தான் அண்ணாச்சி கண்ணுக்குப் பொருத்தமா இருக்கு, மூணும் ஒரு கையி செஞ்ச மாதிரில்லா இருக்கு" என்றார். ஆமாம், ஒரு கைதான். என் கை. அன்றைக்கு அதை நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன், வீட்டுக்காரி இசக்கித்தாயிடம் சொல்லிச் சொல்லி அவள் காதைப் புண்ணாக்கினேன்.

இன்றைக்குக் காலை மகள் போனை வைத்த பிறகு இந்த நாலாவதை எடுத்தேன். முதுகில் செல் அரித்திருந்தது, மற்ற மூன்றுக்கும் அந்தத் தொந்தரவு இல்லை, அதனால் இதை மட்டும் குப்புறப் போட்டேன். முதுகு என்பது தூணோடு ஒட்டி நிற்கிற பக்கம், அதற்கு யாரும் பெயிண்ட் அடித்ததில்லை, யாரும் பார்க்கவும் போவதில்லை, எந்த ஆசாரியும் அங்கே அழகு பார்க்க மாட்டான், வேண்டாத மரத்தைப் பெரிய உளியால் சரட்டு சரட்டென்று வழித்துத் தள்ளுவதோடு சரி. அரிப்பைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். வழித்த தடம் எல்லாம் இடப்பக்கம் ஆழம், வலப்பக்கம் எலிவால். ஒன்றுகூட மாறவில்லை. ரிப்பேர் பார்க்கிறவன் முதுகில் எதற்குக் கை வைக்கப்போகிறான்? எழுந்துபோய் சாக்கு விரித்துப் படுக்க வைத்திருந்த மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாகத் திருப்பினேன். மத்தளக்காரி முதுகு, வீணைக்காரி முதுகு, குழல்காரி முதுகு, எல்லாம் அப்படியே. கத்துக்குட்டியும் இல்லை, ரிப்பேரும் இல்லை. முதல் வெட்டிலிருந்து கடைசி வெட்டு வரை ஒரே ஆள், இடக்கைக்காரன், மகா கெட்டிக்காரன். நடுவில் புகுந்த கத்துக்குட்டி நான்தான். அவனவன் முதுகு அவனவனுக்குத் தெரியாது என்பார்கள், எனக்கு அடுத்தவன் முதுகைக்கூடத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லையே என்று கூசிப்போனேன்.

எப்படி இருந்திருப்பான் அந்த ஆள்? பெயர் தெரியப்போவதில்லை, பொம்மை செய்கிறவன் பேரை யார் எழுதி வைத்தார்கள். ஆனால் எங்கே உட்கார்ந்திருப்பான் என்று மட்டும் எனக்குத் தெரியும். வரிசையின் கடைசியில். இருபது வயதில் ஒரு தேர் வேலைக்குப் போயிருந்தேன், கொட்டகையில் பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்து வெட்டுவோம், எல்லார் மரச்செதிலும் ஒரே பக்கம் பறக்கும், யாருக்கும் தொந்தரவில்லை. சண்முகையா என்று ஒருத்தன் மட்டும் இடக்கைக்காரன், அவன் செதில் நேராகப் பக்கத்து ஆள் மூஞ்சியில் போய் அடிக்கும், முழங்கையும் முழங்கையும் இடிக்கும், "ஏலே சண்முகையா, கண்ணக் குருடாக்காம விடமாட்டியோ" என்று சத்தம் போட்டு அவனைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள். கடைசியில் நிழல் கிடையாது. ஆறு மாதத்தில் அவன் வலக்கைக்கு மாறிக்கொண்டான், மாறியதும் நடுவில் இடம் கொடுத்தார்கள், நாங்கள் எல்லோரும் கேலி பண்ணிக்கொண்டே கைதட்டினோம். அதற்கப்புறம் அவன் வேலையில் யாரும் குற்றம் சொன்னதில்லை. நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னதாகவும் எனக்கு நினைவில்லை. முன்னால் அவன் வெட்டிய ஒரு யாளியின் கண், அதைப் பார்த்தால் பின்னாலேயே வருகிற மாதிரி இருக்கும்... அப்படி ஒன்றை அவன் மறுபடி செய்யவே இல்லை. கைமாறியதால்தானா, இல்லை, கல்யாணம், குடும்பம் என்று ஆகிவிட்டதாலா? இன்றைக்கு வரைக்கும் நான் இதை யோசித்ததே இல்லை.

பொன்செல்விக்கு ஐந்து வயதில் கையை மாற்றியபோது நான் சொன்ன காரணமும் அந்த வரிசைதான். "பிள்ளை கைதானே, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவுது, உங்கள என்ன செய்யுது?" என்று இசக்கித்தாய் கேட்டாள், "நாளைக்கு நாலு பேரோட வரிசையில உக்கார வேண்டாமாட்டி" என்றேன், ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று பழமொழியும் சொன்னேன். எந்த வரிசை? எந்தக் கொட்டகையில் என் பிள்ளை உளியோடு போய் உட்காரப் போகிறாள் என்று எனக்கு அந்தக் கவலை? பெண்பிள்ளைக்கு உளியைத் தொடக்கூடக் கொடுத்ததில்லை நான். அவள் செதில் எவன் கண்ணில் விழப்போகிறது... ஒன்றுமில்லை, சிலேட்டில் அவள் போடுகிற கோடு எனக்கு எதிர்ப்பக்கமாக ஓடியது, என் கண்ணுக்கு அது பொறுக்கவில்லை, அவ்வளவுதான். அடிக்கவில்லை, சூடு வைக்கவில்லை, வேப்பெண்ணெய் தடவவில்லை, மற்ற வீடுகளில் எல்லாம் செய்தார்கள். நான் ஆசாரி இல்லையா, எனக்குத் தெரிந்த விதத்தில் செய்தேன். மஞ்சணத்தி மரத்தில், லேசான கட்டை, பாதி மூங்கிலைப் பிளந்த மாதிரி குழித்து, விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் அளவெடுத்து, உள்பக்கம் உறுத்தாமல் இழைத்து இழைத்து, மேலே ஐந்து இதழில் ஒரு பூ. ரிப்பன் கோர்க்க நாலு துளை. அதைக் கட்டிவிட்டால் இடக்கை விரல் மடங்காது, பென்சிலும் பிடிக்க முடியாது, கரண்டியும் பிடிக்க முடியாது. வேறு வழியில்லாமல் வலக்கை வரும். அவளுக்கு அது விளையாட்டுச் சாமான், காலையில் எழுந்ததும் அவளே வந்து கையை நீட்டுவாள், "பூக்கட்டை கட்டுங்கப்பா." நாற்பதாவது நாள் கட்டை இல்லாமலே மிட்டாய்க்கு வலக்கையை நீட்டினாள், அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ரத வீதியைச் சுற்றி வந்தேன், பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் அன்றைக்கு, அது பொய் இல்லை.

அதற்கப்புறம் என்ன கெட்டுப்போய்விட்டது? ஒன்றும் இல்லை. படித்தாள், பரீட்சையில் எப்போதும் கடைசிக் கேள்விக்கு நேரம் போதாமல் விட்டுவிட்டு வருவாள், "தெரியும்ப்பா, எழுத முடியல" என்பாள், நான் சோம்பேறித்தனம் என்பேன். கோலம் போட மாட்டாள், அம்மா போடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அதெல்லாம் எந்த வீட்டில்தான் இல்லை. ஆனால் ஒன்று... அதை எனக்கு எப்போதும் தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொண்டேன். எதையாவது கொடுத்தால் உடனே வாங்க மாட்டாள். இடக்கை ஒரு நூல் முன்னால் வரும், நிற்கும், உள்ளே போகும், அப்புறம்தான் வலக்கை வரும். ஒரு நூல் என்றால் மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாது, தச்சன் கண்ணுக்குத் தெரியாமல் இருக்குமா. கல்யாணத்தில் மாலை மாற்றும்போதும் அப்படி நின்றாள், பெண் வெட்கப்படுகிறது என்று எல்லோரும் சிரித்தார்கள். இப்போதும் சொந்தக்காரர்கள் சொல்லுவார்கள், பொன்செல்விக்கு என்ன ஒரு நிதானம், எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எதையும் செய்ய மாட்டாள், பிள்ளையை வளர்த்தால் மருதப்பன் மாதிரி வளர்க்க வேண்டும் என்று. நானும் தலையை ஆட்டிக்கொள்வேன். அது நிதானம்தானா? பிறந்ததிலிருந்தே அவள் நிதானமா, இல்லை, அந்த நாற்பது நாளில் வந்த நிதானமா? ஐந்து வயதுக்கு முன்னால் அவள் எப்படி இருந்தாள், ஓடினாளா, பிடுங்கினாளா, எதையாவது பார்த்ததும் பாய்ந்து எடுத்தாளா... நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், அந்தப் பிள்ளையின் முகம் வருகிறது, கை வர மாட்டேன் என்கிறது.

இசக்கித்தாய் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "என்ன, நாலையும் கவுத்திப் போட்டுட்டு உக்காந்திருக்கீங்க, மருமகன் இப்ப வந்துருவாக, அந்தக் கட்டைய எடுத்துத் தூசியாவது தொடச்சு வச்சீங்களா?" என்றாள். அவளுக்கு இதில் இப்போது ஆட்சேபனை இல்லை போலிருக்கிறது, அன்றைக்கு நான் சொன்னதை நம்பித்தானே இத்தனை வருஷம் இருந்திருக்கிறாள். உளிப்பெட்டியைத் திறந்து அடியிலிருந்து எடுத்தேன். மஞ்சள் நிறம் பழுத்துத் தேன் நிறத்துக்கு வந்திருந்தது, ஒரு வெடிப்பு இல்லை, பூ அப்படியே இருந்தது, இன்றைக்கு யாராவது பார்த்தாலும் வேலையைப் பாராட்டத்தான் செய்வார்கள். எத்தனையோ தடவை இதைக் கையில் எடுத்திருக்கிறேன், பூவைப் பார்த்துவிட்டு வைத்திருக்கிறேன். இன்றைக்குத் திருப்பினேன். உள்பக்கம் நுனி ஓரத்தில், விரல் முடிகிற இடத்தில், சின்னச் சின்னப் பள்ளம். எலி கடித்திருக்குமோ என்று முதலில் நினைத்தேன். எலி கடித்தால் மரம் பூப்பூவாகச் சிதறும், இது அப்படி இல்லை, மேலே நாலு, கீழே மூன்று, ஒரு இடத்தில் இல்லை, ஓரம் முழுக்க, ஒன்றின்மேல் ஒன்றாக. பால்பல். மரத்தில் இருக்கிற தடத்தைப் பார்த்து ஆளைச் சொல்லுகிறவனுக்கு இது யார் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கட்டுங்கப்பா என்று சிரித்துக்கொண்டு வந்து கையை நீட்டியவள், நான் பட்டறைக்கு வந்த பிறகு மூலையில் உட்கார்ந்து... எத்தனை நாள் கடித்தாளோ, என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

போனை எடுத்தேன். பொன்செல்வி உடனே எடுத்துவிட்டாள், பின்னால் பேத்தி ஏதோ பாத்திரத்தைத் தட்டுகிற சத்தம். "மாப்பிள்ளை கெளம்பிட்டாரா?" "அப்பவே கெளம்பிட்டாங்களே, அங்கன பக்கத்துலதான் நிப்பாங்க, வந்துருவாங்கப்பா." அந்தக் கட்டையைக் கொடுத்து விடவில்லை என்றேன். "ஏம்ப்பா, ஒடஞ்சிட்டா?" என்றாள். எவ்வளவு நல்ல வழி, பிள்ளையே எடுத்துக் கொடுக்கிறாள், ஆமாம் உடைந்துவிட்டது, செல் அரித்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது, வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அப்படிச் சொன்னால் நாளைக்கே, அப்போ புதுசா ஒண்ணு செஞ்சு குடுங்கப்பா என்பாளே. "ஒடயல. நல்லாத்தான் இருக்கு. பிள்ளைக்கு வேண்டாம் மக்கா. அது கை எப்படிப் போவுதோ அப்படியே போவட்டும்." பாத்திரம் தட்டுகிற சத்தம் மட்டும் வந்தது. "என்னப்பா திடீர்னு இப்படிச் சொல்லுதீங்க... நான் இங்க அத்தைட்டல்லாம் சொல்லிட்டேனே. எனக்கு மாத்துனதுல என்ன ஆயிட்டு?" கோபம் இல்லை அவள் குரலில், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறாள், சின்ன வயதில் சாமிக்கு எதற்கு நாலு கை என்று கேட்ட அதே குரல். "நான் நல்லாத்தானப்பா இருக்கேன்?"

நல்லா இருக்கெ தாயி, உனக்கு என்ன குறை என்று வேறு எந்த நாளாக இருந்தாலும் சொல்லியிருப்பேன், கேட்டு முடிப்பதற்குள் சொல்லியிருப்பேன். நல்லா இருக்கிறாய் என்று சொன்னால் பேத்தி கைக்கு நாளைக்கே துணியோ கட்டையோ ஏதோ ஒன்று ஏறும், எனக்கு ஆகாதது அவளுக்கு ஆகிவிடப் போகிறதா என்று கேட்பாள். இல்லை என்று சொன்னால்... முப்பது வயது மகளிடம், ஒரு பிள்ளைக்குத் தாயிடம், நீ நல்லா இல்லை, உன்னைக் கெடுத்தது நான் என்று எந்த வாயால் சொல்ல? அதுவாவது உண்மையா? கெட்டுப்போனதா என்றும் எனக்குத் தெரியாது. இந்த மூன்று பொம்மைகளின் சேலையும் நான் கைவைப்பதற்கு முன்னால் எப்படி ஓடியது என்று காட்ட நாலாவதாவது இருக்கிறது, நாளைக்கு ஜெபசிங் அண்ணாச்சி வந்து ஒத்துப்போகவில்லை என்று எவ்வளவு கத்தினாலும் அதில் நான் உளி வைக்கப் போவதில்லை. எனக்குப் பிறந்தது ஒரே மகள். இவளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு யார் இருக்கிறார்கள்...

வெளியே பைக் வந்து நின்றது. "வாங்க மருமகனே, வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிக்கீங்களா" என்று இசக்கித்தாய் கேட்பது கேட்டது. அப்பா, அப்பா, லைன்ல இருக்கீங்களா என்றாள் பொன்செல்வி.

"எனக்குத் தெரியலையே தாயி" என்றேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன், அழுதுவிடுவாளோ என்றும் பயந்தேன். அங்கே பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. மாமியாருக்குக் கேட்காமல் நகர்ந்து வந்திருப்பாள் போலிருக்கிறது, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"உங்களுக்கே தெரியலையாப்பா?"